மலை இல்லாத பழமலையும் கரை இல்லாத வரைபடமும்



நம் ஊருக்குப் பழமலை, முதுகுன்றம், விருத்தாசலம் என்று மூன்று பெயர்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், பழைய மலை. ஆனால் ஜங்ஷனில் இறங்கி நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாலும் மலை என்று ஒன்று கண்ணில் படாது. மலை பூமிக்குள் அழுந்திவிட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அளவை வேலையில் 33 வருடம் காலம் தள்ளியவன் என்பதால், தரையின் மேடு பள்ளத்தைத் தாளில் எப்படிக் கொண்டு வந்தார்கள் என்ற கதையை மட்டும் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஏரிப் பாசனம் உள்ளவர்களும், ஆற்றங்கரையில் வீடு உள்ளவர்களும் அவசியம் கடைசி வரை படிக்கவும்.

சர்வே ஆப் இந்தியாவின் 58எம் வரிசைத் தாள்களில்தான் நம் ஊர் வருகிறது. 1:50,000 அளவுத் தாளில் சமவெளிக்கு 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர். அதாவது 40 மீட்டர் கோட்டுக்கும் 60 மீட்டர் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள மேடு பள்ளம் எதையும் அந்தக் கோடுகள் சொல்லாது. ஆனால் நம் பக்கத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வருவதும் வராததும் 1 மீட்டர், 2 மீட்டர் கணக்குதானே! மணிமுக்தாற்றின் கரை, ரயில் மேடு, ஏரிக்கரை, ஓடை எல்லாமே அந்த 20 மீட்டருக்குள் அடங்கிப் போகிற சமாசாரங்கள்.

அந்தத் தாளை வரைந்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏரிக்கரை உள்ள இடத்தில் தனியாக ஒரு குறியீடு போட்டு, பக்கத்தில் '3ஆர்', '4ஆர்' என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அக்கம்பக்கத் தரையைவிட 3 மீட்டர், 4 மீட்டர் உயரம் என்று அர்த்தம். சமஉயரக் கோடு கரையைக் காட்டாது, கரையைக் கரையாகவே வரைய வேண்டும் என்று அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள். இந்தப் பதிவின் விஷயமும் அதுதான். இன்றைக்குக் கம்ப்யூட்டர் மொழியில் இதற்கு 'பிரேக்லைன்' என்று பெயர். தமிழில் முறிகோடு என்று வைத்துக்கொள்ளலாம். தரையின் சரிவு சட்டென்று முறிகிற இடத்தை ஒட்டிப் போகும் கோடு.

கோபுரத்தில் ஏறிய கருவி

கதை சென்னையில்தான் ஆரம்பிக்கிறது. 1794ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் சென்னையில் ஒரு அளவைப் பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 8 பையன்கள். அந்தப் பள்ளிதான் பிறகு வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளமுள்ள ஒரு அடிக்கோட்டை அளந்தார். அந்தக் கோட்டில் தொடங்கி முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகப் போட்டு இமயம் வரை போன வேலைதான் மகா முக்கோண அளவை.

லாம்டன் கொண்டு வந்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. மலை உள்ள ஊரில் உச்சியில் வைத்துப் பார்த்துவிடலாம். காவிரிச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களில் ஏற்றினார். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து பல வாரம் தட்டி நெளிவு எடுத்துத் தானே சரி செய்தார்.

இந்த முக்கோணங்கள் எல்லாம் 'எது எங்கே இருக்கிறது' என்பதற்கு. 'எது எவ்வளவு உயரம்' என்பது வேறு வேலை. அதற்கான மட்ட அளவை 1858ல் தொடங்கி 1909 வரை நடந்தது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் பால்ஸ் பாயிண்ட் ஆகிய 9 துறைமுகங்களில் கடல் மட்டத்தை அளந்து, அதை அடிப்படையாக வைத்து ஊர் ஊராக மட்டக் கற்களைப் பதித்தார்கள். பழைய கட்டடங்களிலும் பாலங்களிலும் 'பி.எம்.' என்று வெட்டிய கல்லைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள்.

புள்ளிகளிலிருந்து தரை

நூறு இடத்தில் உயரம் அளந்தாயிற்று. கையில் இருப்பது நூறு எண்கள். இதிலிருந்து தரையை எப்படி உருவாக்குவது?

1774ல் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்ற மலையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, பூமியின் எடையைக் கணிப்பது நோக்கம். மலையின் கன அளவு தெரிந்தால்தான் கணக்கு முடியும். சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியர் கையில் தாள் நிறைய உயர எண்கள். அவர் ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். மலையின் உருவம் தாளில் எழும்பி வந்தது. அதற்கு முன்பே ஆற்றின் ஆழத்தையும் கடலின் ஆழத்தையும் காட்ட ஐரோப்பாவில் இப்படிக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் புள்ளிகளிலிருந்து மலைக்கு உருவமும் கன அளவும் கண்டதற்கு ஹட்டன் நல்ல உதாரணம்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் அதே முறைதான். டம்பி லெவல், ஸ்டாஃப், சங்கிலி. கட்டம் கட்டமாக முளை அடித்து ஒவ்வொரு முளையிலும் மட்டம் எடுப்போம். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் புள்ளிகளுக்கு நடுவில் விகிதம் போட்டுக் கோடு இழுப்போம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொன்னது: "தம்பி, எண்ணைத் தொடாதே. முதல்ல ஓடையைப் போடு, அப்புறம் கரையைப் போடு, அப்புறம்தான் காண்டூர்." ஓடைக்கோடும் முகட்டுக்கோடும்தான் தரைக்கு எலும்பு. சதை பிறகு. ஓடைக்கு இந்தப் பக்கப் புள்ளியையும் அந்தப் பக்கப் புள்ளியையும் நேராக இணைத்து விகிதம் போடக்கூடாது, நடுவில் பள்ளம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவனுக்குத் தெரியும்.

பிரேக்லைன் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. விஷயம் தெரிந்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் வந்த கதை

1958ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சார்லஸ் மில்லரும் லாஃப்லாமும் நெடுஞ்சாலை அமைக்கும் வேலைக்காகத் தரையை எண்களாகவே கம்ப்யூட்டரில் வைத்துக் கணக்குப் போடலாம் என்று எழுதினார்கள். எண்ணியல் நிலமாதிரி என்பது அங்கிருந்து வந்தது. 1970களில் கனடாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாய்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழி சொன்னார்கள். சதுரக் கட்டம் வேண்டாம். புள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே வைத்து, அவற்றை முக்கோணங்களாக இணைத்துவிடலாம். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு சின்னத் தகடு. தகடுகளைச் சேர்த்தால் தரை. இதற்கு 'டின்' என்று பெயர். சமதரையில் பெரிய முக்கோணம் போதும், மேடு பள்ளம் உள்ள இடத்தில் பொடி முக்கோணம்.

எந்த மூன்று புள்ளியை இணைப்பது? ரஷ்யக் கணித மேதை போரிஸ் டெலோனே 1934லேயே அதற்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தார். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் வேறு புள்ளி எதுவும் விழக்கூடாது. இப்படிச் செய்தால் ஊசி மாதிரி ஒல்லி முக்கோணங்கள் கூடியவரை குறையும். பாசன வேலையில் இருந்த நண்பர்களுக்கு இது பழகின முகம்தான். பல மழைமானிகளின் அளவிலிருந்து சராசரி மழை காண 'தீசன் பாலிகான்' போடுவோம் அல்லவா? 1911ல் ஆல்பிரட் தீசன் சொன்ன முறை. அதன் மறுபக்கம்தான் டெலோனே முக்கோணம். எந்த இரண்டு மழைமானிகளின் பாலிகான்கள் எல்லையைப் பகிர்கின்றனவோ, அவற்றை இணைத்தால் இது வந்துவிடும்.

விதி அழகானது. ஆனால் அது மேலிருந்து பார்த்து, எந்தப் புள்ளி எதற்குப் பக்கம் என்று மட்டும் யோசிக்கிறது. உயரத்தைப் பார்ப்பதே இல்லை. கரை மேல் நிற்கிற புள்ளி எது, வயலில் நிற்கிற புள்ளி எது என்று அதற்குத் தெரியாது. கோளாறு அங்கேதான்.

ஒரு கரையின் கணக்கு

ஒரு ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோம். உயரம் 3 மீட்டர். அடி அகலம் 15 மீட்டர். கணக்கு எளிமையாக இருக்க மேல் அகலத்தை விட்டுவிட்டு, கூரை மாதிரி நடுவில் ஒரே முகடு என்று வைப்போம். முகட்டில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருக்கிறார்கள். கரையடியில் இரண்டு பக்கமும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஆனால் முகட்டுப் புள்ளிக்கு நேராக இல்லாமல் இரண்டு முகட்டுப் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்திருக்கிறது. ஆள் நடந்துகொண்டே கருவியைப் பிடித்தால் இப்படி விழுவது சகஜம்.

இப்போது அடுத்தடுத்த இரண்டு முகட்டுப் புள்ளிகளையும், நடுவில் உள்ள இரண்டு அடிப் புள்ளிகளையும் பாருங்கள். நாலும் சேர்ந்து ஒரு சாய்சதுரம். முகட்டுக்கு முகடு தூரம் 30 மீட்டர். இந்தப் பக்க அடிக்கும் அந்தப் பக்க அடிக்கும் தூரம் 15 மீட்டர். டெலோனே விதி குட்டையான மூலைவிட்டத்தையே தேர்ந்தெடுக்கும். அதாவது கம்ப்யூட்டர் முகட்டோடு முகட்டை இணைக்காமல், அடியோடு அடியை இணைத்துக் கரையைக் குறுக்கே வெட்டிவிடும். 3 மீட்டர் உயரம் இருக்க வேண்டிய இடத்தில் உயரம் பூஜ்யம். தொடர்ந்து போக வேண்டிய கரை, வரிசையாகக் குவித்து வைத்த நெல் அம்பாரம் மாதிரி ஆகிவிடும்.

கன அளவு என்ன ஆகும்? 30 மீட்டர் நீளத்துக்கு உண்மையான மண் 675 கன மீட்டர். (15 × 3 ÷ 2 = 22.5 சதுர மீட்டர், பெருக்கல் 30.) கம்ப்யூட்டரின் முக்கோணங்களைக் கூட்டிப் பார்த்தால் 450தான் வரும். மூன்றில் ஒரு பங்கு மண் காணாமல் போய்விட்டது. ஒரு கிலோமீட்டர் கரைக்கு 22,500க்குப் பதில் 15,000. வித்தியாசம் 7,500 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 2,650 யூனிட். இத்தனைக்கும் அளந்த ஒவ்வொரு புள்ளியும் மில்லிமீட்டர் சுத்தம்!

மருந்து சுலபம். முகட்டுப் புள்ளிகளை ஒரு கோடாக இணைத்து, 'இந்தக் கோட்டைத் தாண்டி எந்த முக்கோணமும் போகக்கூடாது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் பிரேக்லைன். உடனே முகட்டோடு முகடு இணைந்து, 675 கன மீட்டரும் திரும்பி வந்துவிடும். புதிதாக ஒரு புள்ளி கூட எடுக்க வேண்டியதில்லை.

நம் பீங்கான் வேலைக்காரர்களுக்கு இதை இப்படிச் சொல்வேன். பொம்மைக்கு கிளேஸ் கனமாகப் பூசிவிட்டால் மூக்கும் உதடும் மழுங்கி எல்லாம் ஒரே வழவழப்பாகிவிடும் அல்லவா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் விளிம்புகளை மழுக்கும். விளிம்பு எங்கே என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

டி.வி.எஸ். 50 ஓடிய கரை

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். ஒரு ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை. தனியார் அளவைக்காரர்கள் வந்து அளந்து, வண்ண வண்ணமாகப் படம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்கு முந்தைய தரை ஒரு படம், கட்டி முடிக்க வேண்டிய கரை ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொட்ட வேண்டிய மண். அதற்குத்தான் பணம்.

ஆயக்கட்டுக்காரர்கள் கூட்டத்தில் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி எழுந்தார்.

"தம்பி, இந்தக் கரை மேலதான் இப்ப டி.வி.எஸ். 50 ஓட்டிக்கிட்டு வந்தேன். உங்க படத்துல முப்பது அடிக்கு ஒரு பள்ளம் இருக்கே. அந்தப் பள்ளத்துல நான் விழவே இல்லையே?"

கூட்டம் சிரித்தது. அளவைக்காரப் பையன், "ஐயா, அது சாப்ட்வேர் போட்டது, தப்பா இருக்காது" என்றான். பெரியவர் விடவில்லை. "அப்ப அந்தப் பள்ளத்தை ரொப்புறதுக்கும் மண்ணு கணக்கு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. இல்லாத பள்ளத்தை நிரப்ப மண், அதற்குப் பணம். கேள்வி நேராக அங்கே போய் நின்றது.

கூட்டத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். திருட்டு எதுவும் இல்லை. புள்ளிகள் எல்லாம் சரி. கரையின் மேல் விளிம்பு இரண்டு, அடி விளிம்பு இரண்டு, ஆக நாலு கோடு போட்டிருக்க வேண்டும். ஒன்று கூடப் போடவில்லை. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவனிடம் இருந்த அதே புள்ளிகளை வைத்தே கோடுகளைப் போட்டோம். அரை நாள் வேலை. பள்ளங்கள் மறைந்தன. மண் கணக்கு இறங்கியது. அந்த மிச்சத்தில் ஒரு மதகைச் சேர்த்துச் சரி செய்தார்கள். பையன் கெட்டிக்காரன். "சார், இனிமே கரையைப் பார்த்தா முதல்ல கோடுதான்" என்றான்.

எனக்கு அந்தப் பெரியவர் மேல்தான் மரியாதை. அவருக்கு டின்னும் தெரியாது, டெலோனேயும் தெரியாது. தரையைத் தெரியும்.

சுரங்கமும் வெள்ளமும்

இந்தக் கோடுகளின் அருமை நம் பக்கத்தில் நெய்வேலியைப் போல் வேறெங்கும் தெரியாது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு போடும்போது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை. 1956ல் நிறுவனம் வந்தது, 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். திறந்தவெளிச் சுரங்கம் என்பது மாபெரும் படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு மேல் விளிம்பு, ஓர் அடி விளிம்பு. நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணை எடுத்தால்தான் நிலக்கரி. எந்தத் திறந்தவெளிச் சுரங்கத்திலும் எடுத்த மண்ணை அளப்பதற்கு இந்த விளிம்புக் கோடுகள்தான் ஆதாரம். அவை இல்லாவிட்டால் படிக்கட்டு சறுக்குமரமாகிவிடும், கணக்கும் கூடவே சறுக்கும்.

இன்னொன்று வெள்ளம். 2015 நவம்பர் மழையை நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. ஓடைகள் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தன. விசூர், பெரியகாட்டுப்பாளையம் பக்கம் உயிர்கள் போயின. தண்ணீர் எந்த வழியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இப்போது கம்ப்யூட்டர் மாதிரிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தரை வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் உலகத்தின் பெரும்பகுதியை அளந்தது. அந்த அளவு 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம் என்ற கணக்கில் இலவசமாகவே கிடைக்கிறது. 2005ல் நம் நாட்டின் கார்டோசாட்-1 இரண்டு கேமராவால் படம் பிடித்து உயரம் கணிக்க வழி செய்தது. நல்ல வேலைகள்தான். ஆனால் 30 மீட்டர் கட்டத்தில் மேல் அகலம் 3 மீட்டர் உள்ள கரை எங்கே தெரியும்? கட்டத்தின் சராசரியில் கரைந்து போய்விடும். நிஜத்தில் கரை தடுத்து நிறுத்தும் தண்ணீர், படத்தில் வயலுக்குள் தாராளமாக ஓடும்.

நம் ஊரில் ரயில் மேட்டை நினைத்துப் பாருங்கள். விழுப்புரம் – திருச்சி பாதை ஒன்று, சேலம் பக்கம் ஒன்று, கடலூர் பக்கம் ஒன்று. ஊரைச் சுற்றி மண்மேடுகள். அவற்றைக் கோடாகப் போடாவிட்டால் தண்ணீர் மேட்டை ஊடுருவிப் போகும். கோடாகப் போட்டுவிட்டு, நடுவில் உள்ள சிறு பாலத்தையும் குழாய்ப் பாலத்தையும் மறந்துவிட்டால் எதிர்த் தப்பு. ரயில் மேடே அணையாகி, இல்லாத ஏரி ஒன்று படத்தில் உருவாகும். அதனால் மேட்டுக்கு ஒரு கோடு, தண்ணீர் போகிற வழிக்கு ஒரு கோடு, இரண்டும் வேண்டும். தண்ணீர் வழிக்கோட்டில் உயரம் எங்கேயும் ஏறக்கூடாது, இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

சுந்தரர் மணிமுக்தாற்றில் பொன்னைப் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது நம் ஊர்ப் பெருமை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது சிவனருள் பெற்றவர்களுக்கு மட்டுமே ஆகும். நாம் தண்ணீரைத் தேட வேண்டுமானால் ஓடைக்கோட்டைச் சரியாகப் போட்டாக வேண்டும்.

செங்குத்துச் சுவர் என்றால் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. டின்னில் ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் வைக்க முடியாது. அதனால் சுவரின் மேல் விளிம்பை ஒரு கோடாகவும், அடியை ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடாகவும் போடுவார்கள். கோயில் குளத்துப் படிக்கட்டுகளுக்கும் இதே வழிதான்.

கரை கட்டினவர்கள்

வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டியது. கரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு நீளத்துக்கு மேல் மட்டம் குறையாமல், தண்ணீர் ஒரு இடத்திலும் வழியாமல் கட்டியிருக்கிறார்கள் என்றால், அவர்களுடைய மட்டக் கணக்கை என்னவென்று சொல்வது! கரை என்பது முதலில் முதல் கடைசி வரை அறுபடாமல் போக வேண்டிய ஒரு கோடு. 16 கிலோமீட்டரில் 10 அடி தாழ்ந்தால் போதும், ஏரியே காலி. ஆயிரம் வருடத்துக்கு முன் மண்ணில் போட்ட அந்தக் கோட்டை இன்றைக்கு நாம் கம்ப்யூட்டரில் போட மறந்தால் நியாயமா?

இப்போது டிரோன் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். இத்தனை புள்ளி இருக்கும்போது கோடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கரை மேல் கருவேல முள் மண்டியிருந்தால் டிரோன் படத்தில் தெரிவது முள்ளின் தலை, கரையின் தலை இல்லை. மேலும் லட்சம் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் தாங்காது என்று சலித்துக் குறைப்பார்கள். சலிக்கும்போது விளிம்புதான் முதலில் உதிரும். அதனால் புள்ளி கூடக்கூடக் கோட்டின் தேவை குறைந்துவிடவில்லை.

உங்கள் ஊர் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ அளவை நடந்தால், சங்கத்தில் இருப்பவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். கரையின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் தனிக் கோடாகப் போட்டிருக்கிறதா? மதகு, கலங்கு, குழாய்ப் பாலம் எல்லாம் படத்தில் திறந்திருக்கிறதா? வேலைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒரே மாதிரிக் கோடுகளோடுதான் போட்டார்களா? பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரை மேல் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் டி.வி.எஸ். 50ல் போகலாம்.

பழைய மட்டக் கல் உங்கள் தெருவில் எங்கேயாவது இருந்தால், எந்தக் கட்டடத்தில் என்று எனக்கு எழுதுங்கள். ஒரு பட்டியல் சேர்த்து வருகிறேன். அடுத்த பதிவில் அதைப் போடுகிறேன்.